சேலத்துக்கும் வண்டி வராத ஒரு ரோடு வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

பாண்டிச்சேரி பத்தி பேப்பர்ல எப்ப எழுதினாலும் கார் எங்க நிறுத்தறது, வாடகை ஸ்கூட்டர் எங்க கிடைக்கும்னு தான் வருது. நாலு சின்ன வீல் வெச்ச பலகை, அதான் ஸ்கேட்போர்டு, அதுலயே அந்த ஊரை சுத்திப் பாத்துடலாம்னு யாரும் எழுதி நான் படிச்சதில்ல, அதான் நானே எழுதறேன். நானும் சித்தப்பா பையனும் சேலத்துல பஸ் ஏறி ஆத்தூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வழியா போனோம், ஆளுக்கொரு பேக், ஆளுக்கொரு போர்டு. சீட்டுக்கு அடியில போர்டை வெச்சா கண்டக்டர் கூட ஒண்ணும் கேக்கல.

அங்க பீச் ரோட்டுல சாயங்காலம் 6 மணிக்கு மேல காலைல 7.30 வரைக்கும் வண்டி விட மாட்டாங்க. ஒரு கிலோமீட்டருக்கு மேல தார் ரோடு, ஒரு பக்கம் கடல், நடுவுல காந்தி சிலை, பழைய லைட் ஹவுஸ். விடிகாலைல வாக்கிங் போற பெரியவங்க, சைக்கிள் ஓட்டற பசங்க, கைப்புள்ளையோட வர்றவங்கன்னு எல்லாரும் அந்த ரோட்டுல தான், யாரும் யாரையும் முறைக்கல. காத்து தெற்குல இருந்து அடிச்சுதுன்னா வடக்க பாத்து போறப்ப கால் உந்தவே வேணாம், அதுவா தள்ளிட்டுப் போகும், திரும்பி வர்றப்ப தான் தொடை கழண்டுடும். உள்ள துய்மா வீதி, சுஃப்ரேன் வீதியெல்லாம் நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்கு, 1690கள்ல ஊர் டச்சுக்காரங்க கையில இருந்தப்ப போட்ட கட்டம்னு சொல்லுவாங்க. நடந்தா ரெண்டு தெருவுலயே வெயில்ல சோர்ந்துடுவோம், பைக்ல போனா சுவரும் ஜன்னலும் சர்ருனு பின்னாடி போயிடும், போர்டுல போறப்ப தான் நின்னு பாக்கற நிதானமும் இருக்கு, ஊர் முழுக்க போற தூரமும் கிடைக்குது. நேரு வீதி மாதிரி கூட்டமான எடத்துல கையில எடுத்துட்டு நடந்துட வேண்டியது தான், டிபன் சாப்பிடப் போனா டேபிளுக்கு அடியில வெச்சுக்கலாம், பெட்ரோல் செலவும் இல்ல.

போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேங்க, வீலை பாத்துப் போடுங்க. வீல் எவ்வளவு கெட்டின்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, நம்பர் கூடினா கெட்டி. ஸ்கேட் பார்க்ல ஜம்ப் பண்ற 99ஏ வீல் கல்லு மாதிரி இருக்கும், நம்ம ஊர் ரோட்டுல அதைப் போட்டா பல்லு வரைக்கும் ஆடும். 78ஏ போல சாஃப்ட் வீல், 60 மில்லிமீட்டருக்கு மேல சைஸ்ல வாங்கிக்கோங்க, சின்ன வெடிப்பு, பேவர் பிளாக் இடுக்கெல்லாம் தெரியாம தாண்டிடும். ஆனா எந்த வீலா இருந்தாலும் ஒரு துண்டு ஜல்லி முன்னாடி வந்தா வீல் அப்படியே நின்னுடும், நாம மட்டும் முன்னாடி பறப்போம். கடற்கரையில மணலும் உப்புக் காத்தும் பேரிங்குக்குள்ள போயி கரகரன்னு சத்தம் வரும், ராத்திரியே கழட்டி தொடைச்சு ரெண்டு சொட்டு தையல் மிஷின் ஆயில் விடணும், இல்லன்னா துரு புடிச்சுடும்.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். சேலத்துல போர்டு வெச்சிருக்கற பசங்க இருக்காங்க, ஓட்ட தான் எடம் இல்ல. ஒரு பார்க்குக்கு போனோம், தரை கெட்டுடும்னு வாட்ச்மேன் வெளிய அனுப்பிட்டாரு. மெயின் ரோட்டுல பஸ்ஸுக்கு நடுவுல ஓட்ட முடியுமா. இதனால சில பசங்க ஏற்காடு மலை ரோட்டுல இறங்கிப் பாக்கலாம்னு பேசிக்கறாங்க, அது தாங்க எனக்கு வயித்தைக் கலக்குது. 20 கொண்டை ஊசி வளைவு, போர்டுக்கு பிரேக்கே கிடையாது, கால் தேச்சு தான் நிறுத்தணும், வளைவுல மேல ஏறி வர்ற பஸ் கண்ணுக்கே தெரியாது. தம்பிகளா, தயவு செஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க.

இது வெட்டி விளையாட்டுனு நினைக்கறவங்களுக்கும் சொல்லிடறேன். 1950கள்ல கலிஃபோர்னியாவுல அலைச்சறுக்கு பசங்க கடல்ல அலை இல்லாத நாள்ல தரையில ஓட்டினதுல இருந்து வளர்ந்தது, 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல சேத்துட்டாங்க, அதுல 13 வயசு ஜப்பான் பொண்ணு மொமிஜி நிஷியா தங்கம் வாங்குச்சு. நம்ம வீட்டுல எட்டாவது படிக்கற வயசு அது.

மாநகராட்சி கிட்ட பெரிய மைதானம் எதுவும் கேக்கல. சாரதா காலேஜ் ரோடு மாதிரி ஒரு ரோட்டை ஞாயித்துக்கிழமை காலைல 5 மணில இருந்து 8 மணி வரைக்கும் வண்டி விடாம வெச்சா போதும். ஒரு நாள் மேடை போட்டு பாட்டு வெக்கற விழா வேணாம், வாரா வாரம் நடக்கணும், அப்ப தான் வயசானவங்களும் நம்பி நடக்க வருவாங்க, சைக்கிள் பழகற குழந்தைகளும் வரும். ஏற்காட்டுலயும் ஏரியை ஒட்டின ரோட்டுல சீசன் இல்லாத மாசத்துல இதை செஞ்சு பாக்கலாம். ரோடு எதுன்னு முடிவு பண்ணா சொல்லுங்க, முதல் நாள் ராத்திரியே வந்து ஜல்லியும் மண்ணும் கூட்டித் தள்ள நாங்க தயாரா இருக்கோம், வெளக்குமாறு நாங்களே கொண்டு வர்றோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.