கதவுக் கண்ணாடி ஏன் தாமதமாகிறது

செங்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். குற்றாலத்துச் சாரல் இங்கேயும் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டதால், தாத்தாவின் அம்பாசடரைக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவுகளின் மேல் தார்ப்பாய் கட்டி வைத்திருக்கிறோம். பெயிண்ட் முடிந்து, இஞ்சின் ஓடி, சீட்டும் தைத்து ஆன பிறகு வெறும் கதவுக் கண்ணாடிக்காக வண்டி நிற்பானேன், டவுனில் கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்தால் மாலைக்குள் வெட்டித் தந்துவிடுவார்களே என்று நீ கேட்டிருந்தாய். கூடவே பவர் விண்டோ வைக்கலாமா, கறுப்பு பிலிம் ஒட்டலாமா என்றும் கேட்டிருந்தாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் உனக்கு அடுத்த மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் எல்லாவற்றையும் எழுதியே அனுப்புகிறேன்.

அந்தக் கண்ணாடிக் கடையிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே வெட்டித் தருவது வீட்டு ஜன்னலுக்கும் அலமாரிக்கும் போடுகிற சாதாரணக் கண்ணாடி. காரின் கதவுக்கு வேண்டியது டஃபன் செய்த, அதாவது உலையில் காய்ச்சி வலுவாக்கிய கண்ணாடி. இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்தால் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது, உடையும்போதுதான் தெரியும். டஃபன் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைக்கிறார்கள். வெளிப்புறம் முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பிறகு மெதுவாகக் குளிர்ந்து சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிப்போன வெளிப்புறத்தையும் தன்னோடு சேர்த்து இழுக்கிறது. இப்படி மேற்பரப்பு அமுக்கத்திலும் நடுப்பகுதி இழுப்பிலும் நிரந்தரமாக நிற்பதால்தான் அது சாதாரணக் கண்ணாடியைப் போல நான்கைந்து மடங்கு அடி தாங்குகிறது. உடைந்தால் நீளச் சில்லாகப் பிளக்காமல் மொத்தமாகக் கற்கண்டுத் துண்டுகள் போல உதிர்ந்துவிடுகிறது. அதே காரணத்தால், டஃபன் செய்த பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. கண்ணாடி கட்டரை வைத்துக் கீறினால் கையிலேயே பொடிந்துவிடும். வெட்டுவது, ஓரம் தேய்ப்பது எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் உலைக்குள் அனுப்ப வேண்டும். ஆகவே, அளவு கொடுக்கும்போது இரண்டு மில்லிமீட்டர் கூடிப்போனால், திரும்பி வந்த கண்ணாடியை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது.

இடப்பக்கப் பின்கதவில் என்ன இருந்தது என்று உனக்குச் சொல்லவில்லை. கதவின் உட்பக்க அட்டையான டோர் பேடைக் கழற்றி, நம் மெக்கானிக் ஆசான் உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். துருவும் மண்ணும் மக்கிய புளிய இலையும் சேர்ந்து ஊறிய சேற்றில், விரல் நீளத்துக்குக் கூரான கண்ணாடிச் சில்லுகள் குத்திட்டு நின்றன. அவற்றுக்கு நடுவே விளிம்பு வளைந்த அலுமினியப் பத்து பைசா ஒன்றும் கிடந்தது. எப்போதோ ஒருவர் அந்தக் கதவுக்கு ஜன்னல் கண்ணாடியை வெட்டிப் போட்டிருக்கிறார், அதுவும் உடைந்து, அதன் மேல் இன்னொரு ஜன்னல் கண்ணாடியையே போட்டிருக்கிறார் என்பது அதிலிருந்து புரிந்தது. நீ பள்ளிக்கூடம் போகும்போது சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவாயே, அந்தக் கதவு. மாலைக்குள் வெட்டித் தருகிற கடை எனக்கு வேண்டாம் என்று சொல்வதற்கு இதற்குமேல் காரணம் தேவையில்லை.

மற்ற மூன்றும் டஃபன்தானா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. போலராய்டு கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு, காலை வெயிலில் சாய்வாக நின்று பார்த்தால், டஃபன் கண்ணாடியில் திட்டுத்திட்டாக நிழல் தெரியும். குளிர்ந்தபோது காற்று எங்கெங்கே பட்டதோ அதன் தடம் அது. சாதாரணக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. மூன்றிலும் திட்டு தெரிந்தது. வலப்பக்க இரண்டிலும் மூலையில் பழைய முத்திரையும் அழியாமல் இருக்கிறது. அவற்றில் தென்னை மரத்தின் பிம்பம் லேசாக நெளிகிறது. அது குறை இல்லை. நம் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயத்தை உருக்கி அதன் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தயாரிக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல்தான் அறிவித்தது என்றாலும், அது எல்லா ஊருக்கும் வந்து சேர வெகுகாலம் பிடித்தது. அதற்கு முந்தைய முறையில் இழுத்துச் செய்த கண்ணாடியில் இந்த நெளிவு இருக்கும்.  அந்த இரண்டு கண்ணாடியையும் நான் மாற்றப்போவதில்லை. நான்கும் ஒரே மாதிரி பளபளக்க வேண்டும் என்று நீ சொன்னாலும் சரி.

இடப்பக்க முன்கதவுக் கண்ணாடி டஃபன்தான், ஆனால் அதில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் மேலோட்டமான கீறல் போய்விடும். நகத்தை ஓட்டிப் பார்க்கும்போது தட்டுப்பட்டால் அது ஆழமான கீறல், அதைத் தேய்த்துப் போக்க நினைத்தால் அந்த இடம் பள்ளமாகிப் பார்வையை வளைக்கும். இதில் நகம் தட்டுகிறது. அதுவும் சைடு மிரர் பார்க்கிற இடத்தில். எனவே புதிதாகச் செய்ய வேண்டியவை இடப்பக்கத்து இரண்டு மட்டுமே.

இத்தனை நாளும் வேலை நடந்தது கதவில்தான். கண்ணாடி கீறியதற்கும், ஆடியதற்கும், பாதியில் சிக்கியதற்கும் காரணம் கதவுக்குள்ளே இருக்கிறது. கண்ணாடி ஏறி இறங்கும் ஃபெல்ட் சேனலில், அதாவது கம்பளித் துணி ஒட்டிய தகரப் பள்ளத்தில், மண் ஏறி ஃபெல்ட் தேய்ந்துபோனால், அடியில் உள்ள தகரம் கண்ணாடியை உரசும்; அந்தக் கோடுகள் அப்படி வந்தவை. முன்கதவில் முக்கோணக் கண்ணாடிக்கும் பெரிய கண்ணாடிக்கும் நடுவே நிற்கும் கம்பமும், பின்பக்கச் சேனலும் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். நம் வண்டியில் கம்பத்தின் கீழ்ப்பிடிப்பு துருப்பிடித்து நழுவி, அடியில் இடைவெளி குறுகிப்போயிருந்தது. அதனால்தான் தாத்தா கண்ணாடியை இறக்கும்போதெல்லாம் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார்; அதை அவருடைய பழக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆசான் புதுப் பிடிப்பு வெல்டு வைத்து, நூல் பிடித்துச் சரிசெய்திருக்கிறார்.

இன்னொன்று தண்ணீர். கதவுக்குள் மழைநீர் இறங்காமல் தடுக்க எந்தக் காரிலும் முடியாது. கண்ணாடியின் வெளிப்பக்க ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். போன தண்ணீர் அடியிலுள்ள வடிதுளைகள் வழியாக வெளியேற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பெயிண்ட் அடிக்கும்போது யாரோ அந்தத் துளைகளைப் பட்டி வைத்து மூடி, மேலே பெயிண்டும் அடித்துவிட்டார்கள். பார்க்க வழவழவென்று அழகாகத்தான் இருந்தது. தென்மேற்குப் பருவமழையில் ஒரு தரமும் ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு தரமும் நனைகிற இந்த ஊரில் அப்படியே விட்டிருந்தால், இரண்டு வருஷத்தில் கதவின் அடித்தகரம் சல்லடையாகியிருக்கும். துளைகளைத் திறந்து, உள்ளே துரு சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மெழுகும் பீய்ச்சியாயிற்று. டோர் பேடுக்குப் பின்னால் கனமான பாலிதீன் தாள் ஒட்டி, அதன் கீழ்முனையைக் கதவுக்குள்ளே செருகிவிடப் போகிறோம். தாளின் மேல் வழியும் நீர் அட்டையை நனைக்காமல் உள்ளேயே இறங்கிவிடும்.

அளவுக்கு வருகிறேன். பழைய கண்ணாடியை வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தால் போதாதா என்று ஆசானே முதலில் சொன்னார். பின்கதவில் இருந்தது எவரோ உத்தேசமாக வெட்டியது, அதை நம்ப முடியாது. எனவே ஹார்டுபோர்டில் அச்சு வெட்டினோம். அதைக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, அடிமட்டத்திலிருந்து உச்சிவரை ஏற்றி இறக்கி, தட்டுகிற இடத்தில் பென்சிலால் குறித்து, உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, இரண்டு பக்கமும் ஃபெல்ட்டுக்குள் அது அமர்ந்து, அதே சமயம் இறுகாமல் ஓடும்வரை திருத்தினோம். அச்சு நல்லபடி ஓடினால்தான் கண்ணாடியும் ஓடும். கனத்தையும் வெர்னியர் வைத்துப் பார்த்தேன். பழையது ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் காலத்து மூன்று பதினாறாம் அங்குலம், அதாவது 4.76 மில்லிமீட்டர். இப்போது கிடைப்பது 5 மில்லிமீட்டர். இந்தக் கால் மில்லிமீட்டரை ஃபெல்ட் தாங்கிக்கொள்ளும். கண்ணாடியின் கீழ் விளிம்பைப் பிடிக்கும் அடிச்சேனலில் மட்டும் ரப்பர் டேப்பை ஒரு சுற்று மெலிதாகப் போட வேண்டும்.

இரண்டு அச்சும் கோயம்புத்தூரில் ஒரு டஃபனிங் பட்டறைக்குப் போயிருக்கின்றன. இரண்டே கண்ணாடிக்காக அவர்கள் உலையை மூட்ட மாட்டார்கள்; அதே கனத்தில் வேறு ஆர்டர் வரும்போது சேர்த்து வைப்பார்கள். நீ தாமதம் என்று சொல்வது இந்தக் காத்திருப்பைத்தான். பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 2553 முத்திரை குத்தித்தான் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

வந்த பிறகு மாட்டுவது பெரிய வேலை இல்லை, ஆனால் நிதானமான வேலை. டஃபன் கண்ணாடியின் முகம் எவ்வளவு உறுதியோ, ஓரம் அவ்வளவு பலவீனம். ஸ்க்ரூடிரைவர் முனை ஓரத்தில் ஒருமுறை சுள்ளென்று பட்டால் போதும். அடிச்சேனலைச் சோப்புத் தண்ணீர் தொட்டு, மரக்கட்டை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டித்தான் ஏற்ற வேண்டும். எண்ணெய் தடவினால் அந்த நேரத்துக்குச் சுலபமாக ஏறும், பிறகு ரப்பர் ஊதிக் கண்ணாடியையே வெளியே தள்ளிவிடும். பழைய சேனல் கண்ணாடியின் எந்த முனையிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்று கழற்றுமுன்பே குறித்து வைத்திருக்கிறேன். அது பிசகினால், கண்ணாடியை ஏற்றி இறக்கும் கிளாஸ் மெஷினின் கை கண்ணாடியைச் சாய்வாகத் தூக்கும். மெஷினின் உருளைக்கு கிரீஸ் உண்டு. ஃபெல்ட்டுக்கு கிரீஸோ எண்ணெயோ கூடவே கூடாது, சிலிகான் ஸ்ப்ரே மட்டும். டோர் பேடு மாட்டுவதற்கு முன், கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்துக் கதவை அடித்துச் சாத்திப் பார்க்க வேண்டும்; அந்த நிலையில்தான் ஆட்டம் அதிகம் தெரியும்.

பவர் விண்டோ வேண்டாம். இது டைனமோ வண்டி. சிக்னலில் நின்று இஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே கொடுப்பதில்லை. மழையில் ஹெட்லைட் எரிந்து வைப்பரும் ஓடுகிற நேரத்தில் நான்கு மோட்டாரையும் பேட்டரி தலையில் கட்டினால் அது தாங்காது. கறுப்பு பிலிமும் வேண்டாம். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன்பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும். ஆரியங்காவு தாண்டிப் புனலூருக்குக் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது, செக்போஸ்டில் இறங்கி நின்று விளக்கம் சொல்ல எனக்கு உடம்பில் தெம்பு இல்லை. தவிர, 1971-ஆம் வருஷத்து வண்டி இது, ஐம்பது தாண்டிவிட்டது. 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் என்று பதிந்து விஏ எழுத்துப் போட்ட நம்பர் வாங்கலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான். நான் பதியப்போவதில்லை. அம்மாவைக் காய்கறிக்கு அழைத்துப்போகத்தான் எனக்கு வண்டி.

இனி உன்னால் ஆகவேண்டிய காரியம். தென்காசியில் கிடைக்கிற ஃபெல்ட் சேனல் அம்பாசடருக்கு அகலமாக இருக்கிறது. வளைத்தால் மூலையில் மடிந்துகொள்கிறது. பெங்களூரில் ஜே.சி. ரோடில் பழைய வண்டிச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பார். இந்தக் கடிதத்தோடு விரல் நீளத்துக்கு மாதிரித் துண்டு வைத்திருக்கிறேன். அதைக் கையில் வைத்து, அகலமும் வாயின் ஆழமும் பொருந்துகிறதா என்று ஒட்டிப் பார்த்து வாங்கு, கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான் மேடம்" என்று சொன்னால் நம்பாதே. உள்ளே நெளிந்துகொடுக்கும் ஸ்டீல் பட்டை வைத்ததாக இருக்கட்டும். பத்து மீட்டர் வாங்கினால் நான்கு கதவுக்கும் போக மிச்சம் இருக்கும். முக்கோணக் கண்ணாடியின் ரப்பரும் காய்ந்து வெடித்திருக்கிறது, இடம் ஒன்று, வலம் ஒன்று. இரண்டும் ஒரே வடிவம் அல்ல, ஜோடியாகக் கேள். சுருட்டி வைத்தால் மடிப்பு விழுந்துவிடும் என்பதால் சேனலை மட்டும் பார்சலில் அனுப்பாமல், அடுத்த முறை ரயிலில் வரும்போது நீயே நீளமாகக் கொண்டுவா.

அன்புடன்,
அப்பா