ரத்தம் உறைந்துவிட்டது, சரி. சிறுநீர் எவ்வளவு போனது?

பாம்புக்கடிக்கு முதல் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன். கடிபட்டவர் முதலில் உங்களிடம் வருகிறார். அவர்களில் சிலர் அப்புறம் எங்களிடமும் வருகிறார்கள், முகம் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தபடியே. இடையில் போன நாட்களைப் பற்றித்தான் இந்த மடல்.

கண்ணாடி விரியன் கடி என்றால் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்க்கிறீர்கள். உறையாவிட்டால் விஷமுறிவு மருந்து, பிறகு மறுபடி சோதனை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரத்தம் உறைந்ததுமே கண்டம் தாண்டிவிட்டதாக எல்லோரும் மூச்சு விடுகிறோமே, அங்கேதான் இடறுகிறது.

விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும். சிறுநீரகத்தில் ஏற்கெனவே நடந்த சேதத்தை மாற்றாது. ரத்த அழுத்தம் சரிந்தது, நுண்நாளங்களில் ரத்தக்கட்டிகள் அடைத்தது, சிவப்பணுக்கள் உடைந்தது, விஷமே நேராகத் தாக்கியது என எல்லாம் சேர்ந்து வேலையைக் காட்ட ஓரிரு நாள் ஆகலாம். முதல் நாள் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு என்ற அளவு) நார்மலாக இருந்தது என்று அந்த ஒரு ரிப்போர்ட்டை நம்பி ஆளை அனுப்பிவிடாதீர்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் பாருங்கள்.

அதைவிட முக்கியமாக, அளவுக்கோடு போட்ட ஒரு பாட்டிலைக் கூட இருப்பவரிடம் கொடுத்து, "சிறுநீரைக் கொட்டாதீங்க, இதுல பிடிச்சு வைங்க" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கொட்டிக் கழுவித்தான் வைப்பார்கள், சுத்தம் பார்க்கிறவர்களைக் குறை சொல்ல முடியுமா? வயதுவந்தவருக்கு ஒரு நாளில் 400 மில்லிக்குக் கீழே இறங்கினாலோ, சிவப்பாகவோ கரும்பழுப்பாகவோ போனாலோ, உடனே டயாலிசிஸ் உள்ள இடத்துக்குப் பேசுங்கள். நீரே பிரியாதவருக்கு சலைனை ஏற்றிக்கொண்டே இருந்தால் அது நுரையீரலில்தான் போய் நிற்கும். வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியும் வேண்டாம். ரத்தக்கசிவுக்கும் கெடுதல், சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

பலர் சில வாரம் டயாலிசிஸ் செய்து தேறிவிடுகிறார்கள். சிறுநீரகத்தின் வெளிப்பகுதி செத்துப்போனவர்களுக்கு அந்தக் கொடுப்பினை பெரும்பாலும் இல்லை. தேறியவர்களிலும் சிலருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் பின்னால் வந்து நிற்கிறது. பாம்புக்கடியால் வரும் சாவையும் ஊனத்தையும் 2030-க்குள் பாதியாக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விரல் போனால் பார்த்ததும் தெரியும், சிறுநீரகம் போனதை யார் கணக்கில் எழுதுவார்கள்?

ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டிய தேதியை எழுதிக் கொடுங்கள். 'தேவைப்பட்டால் வரவும்' என்று மட்டும் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் பிரிவு ஊழியன்