கூரைக் காசும் குளிரறை வெங்காயமும்

ஸ்காபரோ,
2024 கார்த்திகை 17, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

புரட்டாதிக் கடைசியில் நீங்கள் எழுதிய கடிதம் ஐப்பசி நடுவிலேயே என் கைக்கு வந்துவிட்டது. அதைச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்கு எழுதுவேன், நாளைக்கு எழுதுவேன் என்று ஒரு மாதத்தைக் கடத்தியது என் பிழை. அம்மாவுடன் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் நீங்கள் பக்கத்தில் நின்றும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததன் காரணம் எனக்கு விளங்காமல் இல்லை. தொலைபேசியில் எதைக் கேட்டாலும் நான் "நல்லாயிருக்கிறோம்" என்று ஒரே பதிலைச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். ஆகையால் இம்முறை எல்லாவற்றையும் விபரமாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை முதல் இங்கே தபால் ஊழியர்களின் வேலைநிறுத்தம் நடக்கிறது. புதன்கிழமை கொழும்புக்குப் புறப்படும் மந்திகை மாமாவிடம் இதைக் கொடுத்துவிடுவேன். அவரிடமே அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டையும், அத்தானுக்கு முழங்கால் தைலமும் இருக்கின்றன.

வீட்டுச் செலவை எப்படிக் குறைக்கிறாய், வீட்டிலிருந்தே உழைக்கிறேன் என்கிறாயே, அது என்ன உழைப்பு என்று கேட்டிருந்தீர்கள். பெறாமகளுக்கும் பயன்படும் என்று நீங்கள் எழுதியதால் ஒன்றையும் விடாமல் சொல்கிறேன். வீட்டுக் கூரையைத் திருத்த நீங்கள் கேட்ட காசைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கணக்குப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். நாங்கள் 2019 ஆவணியில் வீடு வாங்கியபோது வங்கிக்கு மாதம் 2,430 டொலர் கட்டினோம். இங்கே வீட்டுக் கடனுக்கு ஐந்து வருடத்துக்குத்தான் வட்டியை நிச்சயிப்பார்கள். அது முடிந்ததும் அன்றைய வட்டிக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 பங்குனி பிறந்தபோது 0.25 வீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டி, 2023 ஆடியில் 5 வீதத்துக்கு ஏறியது. இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது என்றாலும், எங்கள் தவணை இந்த ஆவணியில் வந்துவிட்டது. இப்போது மாதம் 2,910 கட்டுகிறோம். 480 டொலர் கூட. அவ்வளவுதான், எத்தனையோ குடும்பங்களுக்கு ஆயிரத்துக்கு மேல் கூடியிருக்கிறது. எங்களுக்குக் கீழ்த்தளம் கைகொடுத்தது.

கீழ்த்தளத்தில் மைத்துனர் இருந்தது உங்களுக்குத் தெரியும். அவர் கல்யாணம் முடித்து பிரம்டனுக்குப் போன பிறகு அதை வாடகைக்கு விடலாம் என்று முடிவெடுத்தோம். கட்டிலைப் போட்டுவிட்டு ஆளை இருத்திவிடும் வேலை அல்ல அது. வேறு வாசல் வேண்டும், தீ பரவாத கதவு வேண்டும், புகைக்கும் காபன் மொனொக்சைட்டுக்கும் எச்சரிக்கைக் கருவிகள் வேண்டும், காப்புறுதிக்காரருக்கு அறிவிக்க வேண்டும். எல்லாவற்றையும் செய்து, வைகாசி முதல் கோட்டயத்துப் பிள்ளை ஒருவரும் அவருடைய கணவரும் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறார்கள். மாதம் 1,450 டொலர் தருகிறார்கள். அந்த வாடகையை வருமான வரியில் காட்டுகிறோம். காட்டினால், வீட்டின் பரப்பில் கீழ்த்தளத்துக்கு உரிய பங்கின்படி கடன் வட்டியையும் எரிவாயுவையும் மின்சாரத்தையும் காப்புறுதியையும் கழிக்கலாம். கடனின் முதலைத்தான் கழிக்க முடியாது. பலர் காசாக வாங்கி மறைக்கிறார்கள். இவர் அதற்கு ஒருநாளும் சம்மதிக்கவில்லை, எனக்கும் அது பயம்தான். அந்தப் பிள்ளை முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறார். அவருக்கு வேலை இருக்கும் நாட்களில் குழந்தையை நான் பார்த்துக்கொள்வதால் அதற்கும் ஒரு தொகை தருகிறார். அவர்கள் கொறுக்காய்ப்புளி விட்டு மீன்குழம்பு வைக்கும் நாட்களில் படியால் வாசம் மேலே ஏறி வரும். மாமி அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவார்.

வாடகை வந்ததில் ஒரு செலவும் வந்தது. முன்பு இரவில் வீட்டுச் சூட்டைக் குறைத்துவிட்டுப் போர்த்துப் படுப்போம். இப்போது வாடகைக்கு இருப்பவர்களுக்கு 21 பாகைக்குக் குறையக்கூடாது என்பது நகரசபையின் சட்டம். முழு வீட்டையும் சூடாக்குவது ஒரே சூளைதான், ஆகவே அவர்களுக்கு 21 என்றால் எங்களுக்கும் 21. அதனால் வெப்பம் வெளியே போகிற வழியை அடைக்கப் புறப்பட்டோம். யன்னல் ஓரங்களுக்குப் பஞ்சுப் பட்டி ஒட்டி, வடக்குப் பக்க யன்னல்களுக்கு உள்ளே மெல்லிய பிளாஸ்ரிக் தாள் இழுத்து ஒட்டியிருக்கிறோம். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் அந்தத் தாள் சுருக்கமில்லாமல் இறுகி, கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பெரியவள் அதில் கெட்டிக்காரி.

மின்சாரத்துக்கு இங்கே நேரத்துக்கு ஒரு விலை. கிழமை நாட்களில் இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணி வரையும், சனி ஞாயிறு முழுநாளும் ஓர் அலகு 7.6 சதம், இந்தக் குளிர்காலத்தில் காலை 7 முதல் 11 வரையும், மாலை 5 முதல் 7 வரையும் 15.8 சதம். இரவு 11 மணிக்குப் பிறகு 2.8 சதம் என்று இன்னொரு திட்டம் இருக்கிறது. அதைக் கேட்டவுடன் இவர் மாறுவோம் என்றார். நான் தாளில் எழுதிப் பார்த்தேன். அந்தத் திட்டத்தில் கிழமை நாட்களில் பின்னேரம் 4 முதல் இரவு 9 வரை 28.4 சதம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து, நான் மின்சார அடுப்பில் சமைத்து, எல்லாரும் குளித்து முடிக்கும் நேரம் அதுதான். மின்சாரக் கார் வைத்து இரவில் சார்ஜ் பண்ணுகிறவர்களுக்கு அது நல்ல திட்டம், எங்களுக்கு இல்லை. ஆகவே பழைய திட்டத்திலேயே இருந்துகொண்டு, உடுப்புத் தோய்ப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். இந்தக் கடிதத்தை எழுதும்போதும் மூன்றாவது தடவையாக இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. தோய்த்ததை உலர்த்தும் இயந்திரத்தில் போடுவதில்லை. சூளைக்குப் பக்கத்தில் கொடி கட்டியிருக்கிறேன்.

சாமான் வாங்குவதில்தான் அதிகம் மிச்சம் பிடித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். வியாழக்கிழமை தோறும் கடைகளின் விலைத்தாள் மாறும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கிழமைக்கு என்ன சமைப்பது என்று முடிவெடுப்பேன். முன்பு சமைப்பதை முடிவெடுத்துவிட்டுக் கடைக்குப் போவேன். பால் இங்கே நான்கு லீற்றராக, மூன்று பிளாஸ்ரிக் பைகளில் வரும். ஒரு பையைக் கூசாவில் வைத்து மூலையை வெட்டி ஊற்ற வேண்டும். வந்த புதிதில் அதை வெட்டத் தெரியாமல் நான் குசினி முழுக்கப் பால் ஊற்றியதை மாமி இன்னும் சொல்லுவார். அதில் தயிர் நானே உறைய வைக்கிறேன். கடைத் தயிர் வாங்கி ஒரு வருடமாகிறது.

பக்கத்து வீட்டு இத்தாலிக் கிழவரைப் பற்றி நான் முன்பு எழுதியது ஞாபகம் இருக்கும். எங்களைப் பார்த்து ஒருநாளும் சிரிக்காதவர், காலையில் யன்னலைத் தட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் தக்காளிக் கூடையை வைத்துவிட்டுப் போகிறவர். எங்கள் வீட்டின் முன்வாசல் மேடைக்குக் கீழே சிமெந்தால் கட்டிய ஒரு சின்ன அறை இருக்கிறது. ஐந்து வருடமாக அதில் பழைய சப்பாத்தும் உடைந்த சைக்கிளும்தான் கிடந்தன. ஐப்பசியில் ஒருநாள் அவர் கீழே இறங்கி வந்து, அந்த அறையைத் திறந்து பார்த்து, தலையில் கை வைத்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டில் அதே அறையைக் காட்டினார். வரிசை வரிசையாகத் தக்காளிச் சாறு போத்தல்கள், பின்னிக் கட்டிய உள்ளி, சாக்கில் உருளைக்கிழங்கு. சூடாக்காமல், குளிர்சாதனப்பெட்டி இல்லாமல், குளிர்காலம் முழுக்க அவற்றை வைத்துக்கொள்ளத்தான் அந்த அறையைக் கட்டுகிறார்களாம். அடுத்த நாளே நாங்கள் சைக்கிளை வெளியே எறிந்தோம். இப்போது அங்கே இரண்டு சாக்கு வெங்காயம், ஒரு சாக்கு உருளைக்கிழங்கு, இரண்டு பூசணிக்காய் இருக்கின்றன. அறுவடைக் காலத்து விலையில் வாங்கியவை. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் பக்கத்தில் வைத்தால் கிழங்கு முளைத்துவிடும் என்று அவர் கையாலேயே தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

போன சனிக்கிழமை அவர் தன் அத்திமரத்தைப் புதைத்தார். நான் மேல் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தக் குளிரில் அத்தி நின்றால் பட்டுவிடும். ஆகவே ஒரு பக்கத்து வேரை மண்வெட்டியால் வெட்டி, மரத்தைக் கயிற்றால் கட்டி மெல்ல மெல்லச் சரித்து, ஆள் நீளத்துக்கு வெட்டிய கிடங்கில் கிடத்தி, பலகையும் சாக்கும் போட்டு, மேலே மண்ணை மூடிவிட்டார். சித்திரையில் தோண்டி நிமிர்த்துவாராம். எண்பது வயது அவருக்கு. இவர் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்.

இனி என் வியாபாரம். பருத்தித்துறை வடை போடுகிறேன். இந்த மாகாணத்தில் 2020ஆம் ஆண்டிலிருந்து, பழுதாகாத உலர்ந்த பலகாரம் மாதிரியான சாமான்களை வீட்டுக் குசினியில் செய்து விற்பதற்கு விதிகளைத் தளர்த்தியிருக்கிறார்கள். சுகாதாரப் பகுதிக்கு அறிவித்தால் பரிசோதகர் வந்து பார்ப்பார். சோறு, கறி, இறைச்சி என்றால் அது வேறு சட்டம், வீட்டுக் குசினி போதாது. ஆகவேதான் இடியப்பம் கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்றேன். வெள்ளி இரவு உழுந்து ஊறப்போட்டு, சனி காலை அரைகுறையாக இடித்து, அவித்த கோதுமை மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்துக் குழைக்கிறேன். மாமி தட்டித் தருவார், நான் பொரிப்பேன். பத்து வடை கொண்ட பை ஐந்து டொலர். எண்ணெய், மா, உழுந்து, பை, மின்சாரம் எல்லாம் எழுதிப் பார்த்ததில் ஒரு பைக்கு 2 டொலர் 20 சதம் முடிகிறது. கிழமைக்கு நாற்பது பை போகிறது. முதல் மாதம் நான் இந்தக் கணக்கை எழுதவில்லை. கறிவேப்பிலையை அள்ளிப் போட்டேன். இங்கே கறிவேப்பிலை பிடிக்கணக்கில் என்ன விலை என்று உங்களுக்குச் சொன்னால் வளவில் நிற்கும் மரத்தைக் கட்டிப்பிடிப்பீர்கள். பெறாமகள் எது செய்தாலும் முதல் நாளிலிருந்தே கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். தன் கூலியையும் ஒரு செலவாக எழுத வேண்டும். நான் அதை இன்னும் எழுதவில்லை.

நான் பொதி செய்யும் வேலைக்குப் போகாததால் உங்களுக்குக் கவலை வேண்டாம். வடையும் குழந்தையுமே எனக்குப் போதுமான வேலை. இவருக்குச் சித்திரையிலிருந்து கிழமைக்கு நான்கு நாள்தான் வேலை. முதுகு நோவுக்கு அந்த ஓய்வு நல்லது. இதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

அக்கா, ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை வெங்காயம் எடுக்க அந்தக் குளிரறைக்குள் போனேன். மின்விளக்கைப் போட மறந்து கதவைச் சாத்திவிட்டேன். இருட்டில் அந்த வெங்காய வாசமும் சாக்கு வாசமும் ஈரச் சிமெந்து வாசமும் சேர்ந்து வந்தபோது, ஆச்சி வீட்டுச் சாமானறைக்குள் நிற்கிறேன் என்றே நினைத்தேன். கூரைக் கைமரத்தில் பிடிப்பிடியாகச் சின்ன வெங்காயம் தொங்கும், அதற்குக் கீழே நானும் நீங்களும் ஒளித்திருப்போம், அம்மா பனங்கட்டிக் குட்டானை எண்ணிப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிடுவார். நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. சின்னவன் வந்து கதவைத் தட்டி, "அம்மா, ஏன் இருட்டுக்குள் நிற்கிறீர்கள்?" என்று கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன். வெங்காயம் எடுக்காமலே வந்துவிட்டேன். பதினொரு வருடமாகிறது நான் அந்த வீட்டைப் பார்த்து.

சரி, கூரை விஷயத்துக்கு வருகிறேன். மாரி மழை தொடங்கியபின் ஓடு கழற்ற முடியாது. கழற்றினால் சுவரும் நனைந்துவிடும். இப்போதைக்கு அத்தானை நல்ல தறப்பாள் ஒன்று வாங்கி மேற்குப் பக்கத்துக்குப் போடச் சொல்லுங்கள், அதற்கான காசை மாமாவிடம் தந்துவிடுகிறேன். நீங்கள் கேட்ட நான்கு இலட்சத்தில், தைப்பொங்கலுக்கு முதல் ஒன்றரை இலட்சம் அனுப்புவேன். பங்குனியில் எனக்குச் சீட்டு விழும், அப்போது ஒன்றரை. மீதி ஒன்றைச் சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு தருகிறேன். ஓடு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. கைமரங்களை முதலில் தச்சரைக் கொண்டு தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், கறையான் இருந்தால் ஓட்டுக்கு முதல் அதற்குத்தான் காசு வேண்டும்.

பின்வீட்டுக்காரர் மேற்கு வேலியை இரண்டு கதியால் தள்ளி நட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அத்தான் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். நில அளவையாளரைக் கூப்பிட்டு எல்லைக் கல்லை எடுத்துப் பார்க்கட்டும். காணி உறுதியில் என் பெயரும் இருப்பதால், என் சார்பில் நீங்கள் கையெழுத்துப் போட அற்றோணித் தத்துவம் எழுதித் தருகிறேன். இங்குள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். அதற்கு உறுதியின் பிரதியும் உங்கள் அடையாள அட்டையின் பிரதியும் தேவை. மாமா திரும்பி வரும்போது மறக்காமல் கொடுத்துவிடுங்கள், உறுதியின் இரண்டாம் பக்கம் தெளிவாக விழுந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் தை மாதம் என்றால் அதற்கு முதல் சீனியை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், கூடியிருந்தால் வைத்தியர் தள்ளிப் போடுவார். ஒப்பரேஷனுக்குப் பிறகு அவரை அடுப்புக்குப் பக்கத்தில் விட வேண்டாம். பெறாமகள் ஒரு மாதம் குசினியைப் பார்க்கட்டும். வடைக்கு உழுந்துக்கும் மாவுக்கும் ஆச்சியின் அளவு என்ன என்று அம்மாவிடம் கேட்டு, கண்ணுக்கு மருந்து விட முன்னரே எழுதி வாங்கி அனுப்புங்கள். நான் போடும் வடை இரண்டாம் நாள் மொறுமொறுப்புப் போய்க் கொஞ்சம் வலித்துப் போகிறது.

அன்புடன்,
உங்கள் தங்கை