அந்தக் கறுப்பு யாருக்காக?

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய பன்னிரண்டு வரைபடங்களையும் நேற்று ராத்திரி உட்கார்ந்து இரண்டு தடவை பார்த்தேன். உன் ஃபேஷன் படிப்பின் கடைசி வருடக் கலெக்ஷனை முழுக்கக் கறுப்பிலேயே செய்யப்போகிறாய் என்றதும் எனக்குச் சந்தோஷம்தான். கார்செட், கழுத்தை மூடும் லேஸ், தரையில் புரளும் வெல்வெட், மார்பில் மண்டையோடு. கை நன்றாகத் தேறியிருக்கிறது. ஆனால் ஓரத்தில் "விக்டோரியன், டார்க்" என்று இரண்டே வார்த்தை எழுதி விட்டுவிட்டாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அந்தக் கறுப்பை யார், யாருக்காக உடுத்தினார்கள் என்று தெரிந்துகொண்டு நீ கத்தரியை எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

1861 டிசம்பர் 14 அன்று இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இறந்தார். மகாராணி 1901இல் தான் கண்மூடும்வரை துக்க உடையை விடவில்லை. துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தும் வழக்கம் முன்பே இருந்ததுதான். அரசியே அப்படி இருந்ததால் அது இன்னும் இறுகிப்போனது. வசதியுள்ள வீட்டில் கணவனை இழந்தவள் இரண்டரை வருடம் துக்க உடையில் இருக்க வேண்டும். மனைவியை இழந்தவனுக்குக் கைப்பட்டையும் தொப்பிப் பட்டையும் போதும், அவன் பாட்டுக்கு வேலைக்குப் போகலாம். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும்.

அந்த விதவைகள் உடுத்தியது வெல்வெட் இல்லை, கிரேப். பட்டில் நெய்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுருக்கம் விழவைத்த துணி. பளபளப்பு துளிகூட இருக்கக் கூடாது, துக்கத்தில் இருப்பவள் மின்னக் கூடாது என்பதுதான் கணக்கு. மழை பட்டால் துணி கெட்டுவிடும். வியர்த்தால் சாயம் கழுத்தில் இறங்கும், தேய்த்தாலும் லேசில் போகாது. உன் நான்காவது படத்தில் வெல்வெட் விளக்கு வெளிச்சத்தில் மின்னுகிறது. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அது விருந்துக்குப் போகிறவளின் கறுப்பு.

போன வருடம் ஓர் அருங்காட்சியகத்தில் ஒரு துக்க புரோச்சை, அதாவது இறந்தவரின் நினைவாக உடையில் குத்திக்கொள்ளும் நகையை, பார்த்தேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, கறுப்பு எனாமல் விளிம்பு. நடுவில் கண்ணாடிக்குள் செம்பட்டை முடியைக் கூடை முடைவதுபோலப் பின்னி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு முடி மட்டும் பின்னலிலிருந்து விலகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னல் ஒரு நகைக்காரரின் வேலையாக இருக்கலாம். விலகி நின்ற அந்த முடி ஓர் ஆளுடையது. அதைவிட்டு நகர எனக்கு வெகுநேரம் ஆனது.

பிரிட்டிஷ் உடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீனுக்கும் முடிதான் பிடிபட்டது. 1992இல் லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் படிப்பை முடித்தபோது, ஒரு கோட்டின் உட்துணிக்குள் மனித முடியை வைத்துத் தைத்தார். விக்டோரியா காலத்தில் பாலியல் தொழில் செய்த பெண்கள் விற்ற முடியைத்தான் மற்றவர்கள் வாங்கித் தங்கள் காதலர்களுக்குக் கொடுத்தார்கள் என்று காரணமும் சொன்னார். அந்தக் கோட்டைப் போட்டவருக்கு மட்டுமே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்! நியூயார்க் மெட் அருங்காட்சியகத்தில் 2011இல் அவர் உடைகளை வைத்தபோது 6.6 லட்சம் பேர் வந்தார்கள். இருட்டு இருட்டாக உடை செய்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு, இவ்வளவு கூட்டம் இவருக்கு வந்ததற்கு அந்த உட்துணி மாதிரி வேலைகள்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மெக்வீனின் அந்த 1992 கலெக்ஷனில் எனக்கு உறுத்துவதும் ஒன்று இருக்கிறது. அதன் தலைப்பில் லண்டனின் தொடர் கொலைகாரன் ஜாக் தி ரிப்பர் இருக்கிறான். 1888இல் அவன் கொன்றதாகச் சொல்லப்படும் ஐந்து பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட இல்லை. மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி. உன் கலெக்ஷனுக்குத் தலைப்பு வைக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்.

மண்டையோட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் 2007இல் பிளாட்டினத்தில் ஒரு மண்டையோடு செய்து 8,601 வைரங்களைப் பதித்தார். எனக்கு அதில் பல் மட்டும்தான் பிடித்தது. அது அச்செடுத்த பழைய மண்டையோட்டிலிருந்த நிஜப் பல். உன் மார்புப் பக்க மண்டையோட்டை எடுத்துவிடு, அங்கே அது சும்மா நிற்கிறது.

அப்புறம், அமெரிக்கக் கலைஞர் கேரா வாக்கரின் வேலைகளை அவசியம் பார். கறுப்புக் காகிதத்தில் முகத்தின் பக்கவாட்டு நிழலை வெட்டி ஒட்டுவது ஒரு காலத்தில் கண்ணியமான குடும்பங்களின் மலிவான பொழுதுபோக்கு. வாக்கர் 1994இல் அதே முறையில் நியூயார்க்கில் ஒரு சுவர் முழுக்க உருவங்களை ஒட்டினார். தள்ளி நின்றால் பாவாடை விரித்த சீமாட்டியும் நிலவொளியும். கிட்டே போனால் அமெரிக்க அடிமை முறையின் அத்தனை வன்முறையும் அங்கேதான் இருக்கிறது. ஒரே கறுப்பு, ஒரே கத்தரி.

சாயத்துக்கும் அந்தக் கதை உண்டு. ஆழமான கறுப்புக்கு ஐரோப்பா நம்பியிருந்த பொருள்களில் ஒன்று லாக்வுட் மரம். மத்திய அமெரிக்கக் கரையில், இன்றைய பெலிஸ் பக்கம், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளைக் கொண்டு அதை வெட்டினார்கள். செயற்கைச் சாயம் வருவதற்கு முன்னால் ஒரு பிரபு கறுப்புக் கோட்டில் படத்துக்கு நின்றால், அதன் நிறத்துக்குப் பின்னால் அந்தக் காடும் இருந்திருக்கலாம்.

சரிம்மா, இதெல்லாம் சொல்லி உன்னைப் பயமுறுத்தவில்லை. பன்னிரண்டையும் செய்யாதே, ஐந்து போதும். நான்காவதை வெல்வெட் இல்லாமல் கிரேப்பில் தைத்துப் பார். கழுத்துப் பட்டிக்குள் வெள்ளைப் பருத்தி கொடு, போட்டுக் கழற்றும்போது சாயம் அதில் இறங்கட்டும், அந்தக் கறையை வெளுக்காமல் அப்படியே மேடைக்குக் கொண்டுபோ. துணி கிடைத்ததும் ஒரு சாண் வெட்டி எனக்கும் அனுப்பு. தண்ணீர் தெளித்து என்ன ஆகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா