கடைசி நானூறு மீட்டர்

மாதவரம்,
சென்னை.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். நாற்பது ஆண்டுகள் கிளட்ச் மிதித்த கால் அது, இனியாவது அதை நீட்டி உட்கார விடு. உன் மகனுக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து லே வரைக்கும் ஜெனரேட்டர் லோடு வந்திருக்கிறது, கிலோமீட்டருக்கு நல்ல வாடகை தருகிறார்கள், அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக அனுப்பு. ஆனால் கிலோமீட்டரை வைத்து நல்ல வாடகை என்று முடிவு கட்டுகிறாயே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஸ்டீயரிங்கை விட்டு இந்த லாரி புக்கிங் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. வாடகை, டீசல், டிரைவர் படி, சரக்கோடு போகும் ஜிஎஸ்டி மின்சீட்டான ஈ-வே பில்லின் செல்லுபடி நாள் எல்லாமே தூரத்தைக் கொண்டுதான் போடப்படுகின்றன. வண்டி மாட்டிக்கொண்டு நிற்கும் இடமோ எந்தக் கணக்கிலும் வராத அளவுக்குச் சிறியதாக இருக்கிறது.

போன மாதம் அமிர்தசரஸிலிருந்து தாள் வெட்டும் இயந்திரம் ஒன்று பாரிமுனைப் பக்கத்து அச்சகத்துக்கு வந்தது. இரண்டரை டன் எடை. இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள தூரத்தை இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓட்டி, ஏழாம் நாள் காலையில் மாதவரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து ஆண்டர்சன் தெருவை ஒட்டிய சந்துக்குள் போய்ச் சேர இரண்டு இரவுகள் ஆயின. பகலில் பெரிய வண்டி உள்ளே போக முடியாது என்பதால் இயந்திரத்தைச் சிறிய லாரிக்கு மாற்றினோம். அதுவும் சந்தின் வாயிலேயே நின்றுவிட்டது. தலைக்கு மேல் கேபிள் வயர்கள் தோரணம் போலத் தொங்கின, கீழே யாரோ பூட்டிவிட்டுப் போன இரண்டு பைக்குகள் வழியை மறித்தன. முதல் இரவு பைக்குக்காரரைத் தேடுவதிலேயே கழிந்தது. மறுநாள் இரவு, இரும்புக் குழாய்களை உருளைகளாகக் கீழே கொடுத்து, லோடுமேன்கள் எட்டுப் பேர் கடப்பாரையால் நெம்பித் தள்ள, பின்னால் விடுபட்ட குழாயை ஒருவர் எடுத்து ஓடிவந்து முன்னால் போட, அந்த நானூறு மீட்டரை இயந்திரம் அங்குலம் அங்குலமாகக் கடந்தது. சாக்கடை மூடி ஒன்று உடைந்ததற்கும் நாங்களே பணம் கொடுத்தோம். இதில் ஒரு ரூபாயாவது வாடகையில் சேர்ந்திருந்ததா என்றால், இல்லை.

கொல்லிமலைக்கு நாம் சிமெண்ட் ஏற்றிப் போனது உனக்கு நினைவிருக்கும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள்; ஒரே ஒடிப்பில் திரும்பாத வளைவுகளில் நீ பின்னுக்கு எடுத்து மறுபடியும் ஒடிக்க, நான் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்துக்கும் பாறைக்கும் நடுவே ஓடுவேன். அன்றைக்கும் மலை நம்மை நிறுத்தவில்லை; ஏறிய கியரிலேயே பிரேக் லைனிங் கருகாமல் இறங்கியும் வந்துவிட்டோம். மேலே சேர வேண்டிய கிராமத்துக்கு முன்னால், மழையில் குழைந்து கிடந்த முக்கால் கிலோமீட்டர் மண் பாதைதான் இரண்டு நாட்கள் நம்மைப் பட்டினி போட்டது.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கோதண்டராமர் சிலைக்கான அந்தக் கல்லைத்தான் சொல்ல வேண்டும். வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டிய அந்தக் கல், 240 சக்கர வண்டியில் ஏறி 2018 டிசம்பரில் புறப்பட்டு, 2019 ஜூனில்தான் பெங்களூரு ஈஜிபுராவை அடைந்தது. ஈ-வே பில் விதிப்படி சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், அளவு மீறிய சரக்குக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். அந்தக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து நாட்கள் போதும்; ஆனது ஆறு மாதம். பாலம் தாங்காது என்பதால் ஆற்றுக்குள்ளேயே மண் பாதை போட்டு இறக்கி ஏற்றினார்கள். இன்னும் எத்தனை டயர் வெடிக்குமோ என்று நாம் டீக்கடையில் பந்தயம் கட்டியதில் நீ எனக்குத் தர வேண்டிய பாக்கி அப்படியே இருக்கிறது.

இனி லே விஷயத்துக்கு வருகிறேன். 2020-இல் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை மணாலி–லே வழியில் திறந்த பிறகு ரோஹ்தாங் கணவாயை ஏறி இறங்கும் வேலை இல்லை. ஆயினும் அதற்கப்பால் பாராலாச்சா, தங்லங் கணவாய்கள் அப்படியேதான் இருக்கின்றன; தங்லங் 17,000 அடிக்கு மேல். காற்று மெலிந்த உயரத்தில் எஞ்சின் திணறும், ஆகவே முழு பாரம் ஏற்றச் சொல்லாதே. அதே வழியில் உள்ள தாந்தி என்ற ஊரில், அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டர் என்று எழுதிய பலகை ஒன்று வெகு காலமாகப் பெயர் பெற்றது; அங்கே டேங்கை நிரப்பாமல் நகரக் கூடாது. அக்டோபர் தாண்டினால் சாதாரண டீசல் குழாயில் உறையும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசல் 2019 முதல் லடாக்கில் கிடைக்கிறது, ஆனால் கீழே நிரப்பிய சாதாரண டீசலோடு மேலே ஏறுகிறவனுக்கு அதனால் என்ன பயன்?

இவற்றையெல்லாம் பையன் சமாளித்துவிடுவான். லே ஊருக்குள் நுழைந்த பிறகு ஜெனரேட்டர் எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதைத்தான் நீ கேட்கவே இல்லை. லோடு கொடுக்கும் பார்ட்டியிடம் அந்த இடத்தின் போட்டோவைக் கேள், வண்டி திரும்ப இடம் உண்டா என்று பார். இறக்கும் கிரேன் யார் பொறுப்பு, இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றால் நாளொன்றுக்கு ஹால்டிங் என்ற காத்திருப்புக் கூலி எவ்வளவு என்ற இரண்டையும் பில்டியிலேயே, அதாவது சரக்கு ரசீதிலேயே, எழுதி வாங்கு. வாய்ச்சொல்லை நம்பி நான் இழந்தது போதும்.

புறப்படும் வழியில் மாதவரம் வந்து போகச் சொல். நாம் கொல்லிமலைக்குக் கொண்டுபோன புளியமரக் கட்டைகள் இரண்டும் இன்னும் என் மேசைக்கு அடியில் கிடக்கின்றன. வந்தால் எடுத்துப் போகட்டும்.

அன்புடன்,
உன் பழைய செட்டு டிரைவர்