நாற்காலியை அளந்து எழுது

லாஸ்பேட்டை, புதுச்சேரி,
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் படங்களும் வந்து மூன்று வாரம் ஆகிறது. திட்டாதே, அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன், அதன் பிறகு வீட்டில் பெயின்ட் வேலை என்று நாள் ஓடிவிட்டது. அக்கா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருகிறாள். "செல்வம் இன்னும் பீடி குடிக்கிறானா"ன்னு கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

பாரிஸில் லுக்சம்பூர் தோட்டத்தில் அந்தப் பச்சை இரும்பு நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாயே, அந்தப் படத்தை இங்கே பத்துப் பேருக்காவது காட்டியிருப்பேன். நாற்காலியை எதோடும் கட்டிப்போடவில்லை, வெயில் வேண்டுமானால் வெயிலுக்கு, நிழல் வேண்டுமானால் நிழலுக்கு அவரவர் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைச் சொன்னதும் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில்தான் சொன்னார்கள்: "இங்க போட்டா மறுநாள் டீக்கடையில கிடக்கும்." எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

ஏன் ஊருக்கெல்லாம் காட்டினேன் என்று கேட்பாய். எங்கள் நகர்ப் பூங்காவைச் சீர்செய்யப் பணம் வருகிறதாம், அதனால் குடியிருப்போர் சங்கத்தில் கூட்டம் போட்டு யார் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவன் மனு எழுதவே பிறந்தவன் என்று இவர்களுக்கு ஒரு நினைப்பு.

கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! சுகருக்காக நடக்கிற கோஷ்டிக்கு டைல்ஸ் ஆகாது, மழையில் வழுக்குகிறது, மண் பாதைதான் வேண்டும். பேரப் பிள்ளையைக் கூட்டி வருகிறவர்களுக்கு ஊஞ்சல், சறுக்குமரம், அதற்கடியில் சிமெண்ட் இல்லாமல் மணல். பையன்கள் பந்து ஆடக்கூடாது என்று ஒருவர் எழுந்தார், பையன்களில் ஒருத்தனையும் யாரும் கூப்பிடவில்லை. ஜோடிகள் வரக்கூடாது என்று இன்னொருவர், அவர் காதல் கல்யாணம் செய்துகொண்டவர் என்பது உனக்கே தெரியும். பெண்கள் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. கடைசியில் ஒரு அம்மா எழுந்து, "விளக்கு எரியணும், பூட்டு போடாத கக்கூஸ் ஒண்ணு வேணும், வேற எதுவும் வேணாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கக்கூஸ் இல்லாத பூங்காவில் ஒரு பெண்பிள்ளையால் எத்தனை நேரம் இருக்க முடியும்? எனக்கு இது இந்த வயதில்தான் உறைக்கிறது.

எல்லாரும் கைதட்டிய யோசனை வேறு. கண்டவன் வந்து படுக்கிறானாம், அதனால் பெஞ்சுக்கு நடுவில் ஒரு இரும்புக் கம்பி வைத்துவிட வேண்டுமாம். போன வருஷமாக இருந்தால் நானும் தட்டியிருப்பேன்.

அக்கா பதினோரு நாள் ஜி.எச்.சில் இருந்தாள். வார்டில் ஒருவர்தான் கூட இருக்கலாம், அது என் மருமகள். நான் பக்கத்தில் பாரதி பூங்காவில் கிடந்தேன். பத்து வருஷமாக விடியற்காலையில் ஸ்கூட்டரில் போய் நான் ரவுண்டு அடிக்கிற அதே பூங்காதான். அங்கே படுத்திருப்பவர்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முணுமுணுத்தவன் நான். முதல் நாள் மதியம் துண்டை விரிக்க இடம் தேடியபோது, திண்டிவனம் பக்கத்திலிருந்து மகனைச் சேர்த்திருந்த ஒரு அம்மா, "அந்த மரத்தடி வேணாங்க ஐயா, காக்கா அசிங்கம் பண்ணும். இந்தப் பக்கம் ரெண்டு மணிக்கு வெயில் வந்துரும். மண்டபத்துக்கு அந்தாண்ட போங்க, நாலு வரைக்கும் எந்திரிக்க வேணாம்" என்றாள். பத்தொன்பது நாளாக அங்கே இருக்கிறாளாம். பத்து வருஷம் சுற்றியும் எனக்கு எந்த மரத்துக்கு எத்தனை மணி வரை நிழல் என்று தெரியாது. அவள் சொன்ன மண்டபம், பூங்கா நடுவில் இருக்கிற ஆயி மண்டபம், அதற்குப் பின்னால் போய் படுத்துத் தூங்கினேன். ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்று தன் வீட்டையே இடித்துக் குளம் வெட்டினவள் ஆயி என்று நாம் சின்ன வயதில் கேட்ட கதைதான், அன்றைக்கு அந்த நிழலும் அவள் கொடுத்தது மாதிரி இருந்தது.

அங்கே படுத்திருந்தபோதுதான் பகல் பன்னிரண்டு மணிப் பூங்காவைப் பார்த்தேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், டை கட்டிய மெடிக்கல் ரெப் ஒருவர், சாப்பாடு டெலிவரி பண்ணுகிற பையன்கள், வீட்டு வேலை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகுமுன் காலை நீட்டுகிற பெண்கள். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வருகிற நமக்கு இவர்கள் யாருமே கண்ணில் படுவதில்லை. எங்கள் சங்கக் கூட்டம் முழுக்க ஆறு மணி ஆட்கள்தான். அதனால்தான் டைல்ஸ், விளக்கு, ஊஞ்சல் என்று எல்லாம் கேட்டார்கள், நிழல் வேண்டும் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. மே மாதம் மூன்று மணிக்கு எங்கள் பூங்கா கிரானைட் பெஞ்சில் உட்கார்ந்து பார், வேட்டியைத் தாண்டி சுடும்.

தானே புயல் நினைவிருக்கிறதா? 2011 டிசம்பர் 30. நீ போன் மேல் போன் போட்டாய், லைன் கிடைக்கவில்லை. 1826-இல் ஆரம்பித்த தாவரவியல் பூங்காவில் நாம் கட் அடித்துவிட்டு உட்கார்ந்த மரமெல்லாம் அன்றைக்குத்தான் வேரோடு சாய்ந்தது. வைத்தால் ஒரு மரம் நிழல் தர எத்தனை வருஷம் ஆகும் என்று நினைத்துதான் சொல்கிறேன், பெஞ்சை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், மரத்தை இப்போதே வைத்தாக வேண்டும்.

உன் நாற்காலிக்கு வருகிறேன். 1970-களில் நியூயார்க்கில் வில்லியம் வைட் என்று ஒருவர் கட்டடங்களுக்கு முன்னால் இருக்கும் திறந்தவெளிகளில் காமிரா வைத்து, ஜனங்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று நாள் கணக்கில் பார்த்திருக்கிறார். உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் உட்காருகிறார்களாம்! இதற்கு ஒரு ஆராய்ச்சியா என்று சிரித்துவிட்டேன், ஆனால் கூரான கம்பி நட்டு உட்கார விடாமல் செய்த திண்டுகளையும் அவர் காட்டுகிறார், அப்புறம் சிரிப்பு வரவில்லை. தரையோடு பொருத்தாத நாற்காலி கிடைத்தால், தேவையே இல்லாவிட்டாலும் ஒரு சாண் நகர்த்திப் போட்டுத்தான் உட்காருகிறார்கள் என்றும் சொல்கிறார். நீயும் நகர்த்தியிருப்பாய், யோசித்துப் பார். அதே நியூயார்க்கில், ஒரு காலத்தில் ஜனங்கள் உள்ளே போகவே பயந்த பிரையன்ட் பூங்காவை 1992-இல் திரும்பத் திறந்தபோது இந்த மாதிரி நாற்காலிகளைத்தான் போட்டார்களாம்.

சரி, மனுவை எழுதிவிட்டேன். எல்லார் கேட்டதும் இருக்கிறது. கக்கூஸை முதலில் வைத்தேன், மேற்குப் பக்கம் நாலு வேம்பு, நாலு புங்கன் என்று நானாகச் சேர்த்தேன். கம்பியை எழுதவில்லை. வாசித்துக் காட்டும்போது கண்டுபிடித்துச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும், அக்கா கதையைச் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னிடம் ஒரு உதவி. இங்கே போடுகிற பெஞ்செல்லாம் தாழ்வாக இருக்கிறது, முதுகுக்குச் சாய்வும் கிடையாது, என் வயதுக்காரர்கள் உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருத்தர் கை கொடுக்க வேண்டும். அடுத்த முறை லுக்சம்பூருக்குப் போகும்போது ஒரு டேப் எடுத்துக்கொண்டு போ. தரையிலிருந்து உட்காரும் இடம் எத்தனை அங்குலம், கைப்பிடி எத்தனை உயரம், சாய்வு எவ்வளவு சரிந்திருக்கிறது என்று அளந்து எழுது. வேடிக்கை பார்ப்பவர்கள் பார்க்கட்டும். கூட்டம் அடுத்த மாதம் முதல் வாரம், அதற்குள் வர வேண்டும்.

உன்,
மணி