துப்பத் தெரியாத குழந்தைக்குக் கொப்பளிக்கும் மருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவக் குறிப்புகளில் ஒரு வரி: "குழந்தைக்கு வாய்ப்புண் வலி தாங்க முடியவில்லை என்றால், வாயை மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஒரு ஸ்பூன் கொப்பளிக்கக் கொடுங்கள், அழுகை நின்றுவிடும்." எந்த வயதுக் குழந்தை, என்ன மருந்து, எத்தனை மில்லி, எதுவும் இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை. சமையல் பக்கத்தில் 'உப்பு தேவைக்கேற்ப' என்றாவது போடுகிறீர்கள்.

மும்பை மாட்டுங்காவில் மருந்துக்கடைக் கவுண்டரில் தலை நரைக்கும்வரை நின்றவன் நான். மழைக்காலம் வந்தால் கை, கால், வாயில் கொப்புளம் போடும் காய்ச்சல் பால்வாடி பால்வாடியாகப் பரவும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அண்ணா, வாய் மரத்துப்போற மருந்து இருக்காமே, அதைக் குடுங்க" என்று வந்து நிற்பார்கள். சீட்டு எங்கே என்றால் கோபம். அடுத்த கடைக்காரன் கேட்காமலே கொடுத்துவிடுவான். ஒரு தடவை ஓர் அம்மாள் பத்திரிகையிலிருந்து கத்தரித்த துண்டையே டாக்டர் சீட்டு மாதிரி நீட்டினார். எந்தப் பத்திரிகை என்று நான் சொல்ல வேண்டுமா?

தாங்கள் அறியாதது அல்ல, இருந்தாலும் சொல்கிறேன். அந்த மருந்து பெரும்பாலும் லிடோகெய்ன். 2 சதவீதக் கரைசல் என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லியில், 100 மில்லிகிராம். ஊசியாகப் போடும்போதே கிலோவுக்கு 4.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 10 கிலோக் குழந்தைக்கு அது 45 மில்லிகிராம்தான். விழுங்கியது முழுவதும் ரத்தத்தில் சேராது, சரி. ஆனால் புண்ணான வாய் வழியே நேராக ஏறுகிறதே, அதற்கு என்ன கணக்கு? இரண்டு வயதுப் பிள்ளை கொப்பளித்துத் துப்புமா? 'கடகட' என்று குடித்துவிட்டு இன்னும் கேட்கும். அழுகை நிற்கவில்லை என்று அரை மணியில் இன்னொரு ஸ்பூன் போகும்.

அளவு மீறினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், உயிரே போகலாம். இப்படிப் பாதிக்கப்பட்ட கைக்குழந்தைகள், சிறு குழந்தைகள் பற்றிய 22 புகார்களை ஆராய்ந்த பிறகுதான், பல் முளைக்கும் வலிக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று 2014-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்தின் லேபிளில் பெட்டி கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. பென்சோகெய்ன் என்ற இன்னொரு மரத்துப்போகும் மருந்து கலந்த ஜெல்லையும் இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்று 2018-இல் சொன்னது. அது ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து செல்வதைக் கெடுத்து உதட்டை நீலம் பாயச் செய்துவிடும். தங்கள் குறிப்பில் மட்டும் அழுகை நிற்கிறதாம்!

டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது வேறு. எடை பார்த்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, பஞ்சுக் குச்சியால் புண்ணில் மட்டும் தொட்டு வைக்கச் சொல்வார். தொண்டை மரத்திருந்தால் சாப்பாடு புரையேறும், கன்னத்தையே கடித்துக்கொள்ளும் என்பதால் ஒரு மணி நேரம் எதுவும் ஊட்டக் கூடாது. இவ்வளவும் ஒரு வரியில் அடங்காதுதான். அடங்காததை எழுதாமல் இருந்திருக்கலாமே?

என் பேரனுக்கு இந்த ஆடியில் அதே கொப்புளம் வந்தபோது செம்பூர் டாக்டர் எழுதியது எடைக்கு ஏற்ற பாரசிட்டமால் மட்டும். குளிர்ந்த தயிர்சாதம் உப்புக் குறைத்து, காரம் புளி கிடையாது, ஸ்பூனில் ஐஸ் தண்ணீர். சிறுநீர் போவது குறைந்தால் ராத்திரியானாலும் கொண்டு வா என்றார். ஒரு வாரத்தில் தானாக ஆறியது. ஆனால் அதற்குள் என் மருமகள் தங்கள் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் காட்டி, "அச்சுல வந்திருக்கே மாமா" என்று என்னோடு வாதாடிவிட்டாள்.

அப்புறம், சொல்ல வந்ததோடு சொல்லிவிடுகிறேன். குறிப்புக்கு ஒட்டினாற்போல வாய்ப்புண் ஜெல் விளம்பரம். தற்செயல்தான் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்ய? மும்பைத் தமிழர் என்றால் தாராவியைப் படம் பிடிப்பதோடு தங்கள் நிருபர் கடமை முடிந்துவிடுகிறது. இதழ் எங்களுக்குக் கிடைக்கும்போது அதிலுள்ள ராசிபலன் பழையதாகியிருக்கும். சந்தா மட்டும் முன்கூட்டியே வேண்டும். காய்ச்சலுக்குக் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாம் என்று முன்பு வந்த குறிப்பைக் கண்டித்து எழுதினேன். ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்கு ஆஸ்பிரின் வழிவிடும் என்ற வரியை வெட்டிவிட்டு, "தங்கள் இதழ் பிரமாதம்" என்ற முதல் வரியை மட்டும் போட்டீர்கள்.

இப்போது கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், டாக்டர் சொல்லாமல் சிறு குழந்தைக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்று இரண்டு வரி திருத்தம். இனி குறிப்பின் கீழே அதைப் பார்த்த டாக்டர் பெயர். இடமில்லை என்று இந்தக் கடிதத்தையும் வெட்டுவதானால் ராசிபலன், சந்தா எல்லாவற்றையும் தாராளமாக வெட்டுங்கள். மில்லிகிராம் கணக்கை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
பழைய மருந்துக்கடைக்காரன்,
செம்பூர், மும்பை